டி-ஷர்ட்டில் எந்த பிரிண்ட் போடலாம்? முதலில் துணியைப் பாருங்கள்

“அம்பது டி-ஷர்ட் அடிக்கணும்ண்ணா, ஒண்ணு எவ்வளவு வரும்?” பொங்கல் நெருங்கினால் பர்கூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை பக்கமிருந்து வரும் போன்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். எருது விடும் விழாவுக்குக் காளையின் படத்தைப் பெரிதாகப் போட்டு, மேலே அதன் பெயர், கீழே ஊர்ப் பெயர் என்று கேட்பார்கள். அது ஓய்ந்ததும் ஓசூர் கம்பெனிகளின் பாதுகாப்பு வார ஆர்டர்கள். தேசியப் பாதுகாப்பு தினம் மார்ச் 4 என்பதால் பிப்ரவரி கடைசியில் அவசரம் கூடிவிடும். கோடையில் கபடி, கிரிக்கெட் டோர்னமென்ட். ஆடியில் கோயில் திருவிழா. நடுநடுவே கல்லூரி பேட்ச், பேக்கரி, மொபைல் கடை, மாங்கூழ் ஆலை என்று வேலையாட்களுக்கான யூனிஃபார்ம்.

கிருஷ்ணகிரியில் இந்த ஆர்டர்களை எடுத்து, எந்த வேலைக்கு எந்த இடம் சரியோ அங்கே கொடுத்து வாங்கித் தருவது என் தொழில். சொந்தமாக மெஷின் எதுவும் இல்லை. அதனால் இந்த முறைதான் உயர்ந்தது என்று யாரிடமும் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. மெஷின் போட்டவர் தன்னிடம் இருக்கும் முறையைத்தான் சொல்வார். அவர் கடன் தவணை அப்படி. வாங்குகிறவர்தான் விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

விலை கேட்டவரிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். என்ன துணி? அதை யார், எங்கே துவைக்கப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பாதி முறைகள் தானாகவே விலகிவிடும். எண்ணிக்கை, நிறம், விலை எல்லாம் அதற்கு அப்புறம். வரிசையை மாற்றி, முதலில் விலையையும் கடைசியில் துணியையும் பார்ப்பதால்தான் விழா முடிந்த மாதத்திலேயே காளையின் கொம்பு உரிந்து வருகிறது.

துணி

நம் பக்கம் கைக்கு வருவது மூன்று வகை: முழுக் காட்டன், முழு பாலியஸ்டர், இரண்டும் கலந்தது. காட்டன் பெரும்பாலும் திருப்பூர் சரக்கு. 160 முதல் 180 ஜிஎஸ்எம் இருந்தால் நல்ல பதம்; ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அந்தக் கணக்கு. விளையாட்டுக்கு ‘டிரை ஃபிட்’ என்று தருவது பாலியஸ்டர். கலந்தது விலை குறைவு என்பதால் விழா ஆர்டர்களில் அதிகம் ஓடுகிறது, பல நேரம் காட்டன் என்ற பெயரிலேயே.

சந்தேகம் இருந்தால் சின்ன சோதனை போதும். ஒரு டி-ஷர்ட்டின் உள்பக்கத் தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துணியில் துளி வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். தையல் நூலை எடுக்க வேண்டாம். காட்டன் சட்டையிலும் அது பெரும்பாலும் பாலியஸ்டர் நூலாகவே இருக்கும். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலும் இருக்கும், நெருடலும் இருக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு நூல்தான் பிடிக்கும். சப்ளிமேஷன் மை, அதாவது சூட்டில் ஆவியாகி நூலுக்குள் புகும் மை, பாலியஸ்டரில் மட்டுமே ஏறும். காட்டனில் அடித்தால் ஒரு துவைப்பில் வெளுத்துவிடும். தண்ணீர் கலந்த பிக்மென்ட் மை காட்டனில் அழகாக உட்காரும். டிடிஎஃப், அதாவது ஃபிலிமில் அடித்துச் சூட்டில் ஒட்டும் பிரிண்ட், எதன் மேலும் ஒட்டும். பிளாஸ்டிசால் என்ற கெட்டி மை இரண்டிலும் நிற்கும், ஆனால் நிறம் ஏற்றிய பாலியஸ்டரில் ஒரு வில்லங்கம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்கிரீன் பிரிண்டிங்

பழைய முறை. இன்றைக்கும் கூட்டத்துக்கு அடிப்பதென்றால் என் முதல் தேர்வு இதுதான். சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இறுக்கி, வெளிச்சம் பட்டால் கெட்டியாகும் மருந்தைப் பூசி, டிசைனைக் கறுப்பில் எடுத்த ஃபிலிமை மேலே வைத்து லைட் காட்டுவார்கள். கறுப்பு மறைத்த இடம் கெட்டியாகாது. தண்ணீர் அடித்தால் கரைந்து வழிவிடும். அந்த வழியாக மையை ஸ்க்வீஜி என்ற ரப்பர் பட்டையால் இழுத்தால் டிசைன் துணியில் இறங்கிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். மூன்று நிறம் என்றால் மூன்று ஸ்கிரீன், ஒவ்வொரு டி-ஷர்ட்டும் மூன்று முறை டேபிளில் அடி வாங்கும்.

ஸ்கிரீன் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் உள்ளே போடும் மை வேறு வேறு. வெள்ளை, மஞ்சள், வெளிர் நீலம் மாதிரி வெளிர் நிறத் துணிக்கு வாட்டர் பேஸ் பிக்மென்ட் போதும். விலை குறைவு, தொட்டால் மை இருப்பதே தெரியாத அளவுக்கு மெத்தென்று இருக்கும், காற்றும் போய்வரும். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நிற்கும் விழாக் குழுத் தம்பிகளுக்கு இதைவிடச் சுகமான பிரிண்ட் கிடையாது.

கறுப்பு, கருநீலம், மெரூன் என்றால் சாதாரண பிக்மென்ட் துணிக்குள் அமுங்கிப்போகும். அங்கே பிளாஸ்டிசால் வேண்டும். இது பிவிசி கலந்த கெட்டி மை. துணிக்கு மேலே படலமாக நிற்கும், வெள்ளை பளிச்சென்று தெரியும். இந்த மை வெயிலில் காயவே காயாது. சுமார் 160 டிகிரி சூடு மையின் அடி வரைக்கும் ஏறினால்தான் இறுகும்.

மூன்றாவது டிஸ்சார்ஜ். கறுப்பு காட்டனில் ஏற்கெனவே ஏறியிருக்கும் சாயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது நிறத்தை வைக்கும் முறை. கறுப்புத் துணியிலும் மெத்தென்ற பிரிண்ட் வேண்டும் என்பவர்களுக்கு இது அருமையானது. ஆனால் ரியாக்டிவ் சாயம் போட்ட காட்டனில்தான் வேலை செய்யும். மயில் நீலம் மாதிரி சில சாயங்கள் சரியாக வெளுக்காது. அடிக்கும்போது நாற்றமும் அடிக்கும், போடுவதற்கு முன் ஒரு முறை துவைத்தே ஆக வேண்டும். இதைத் திருப்பூரில் கொடுப்பதுதான் நல்லது. சேலம், பெருந்துறை வழியாக லாரி சர்வீஸில் தாராளமாக வந்துவிடும்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை க்யூரிங்கில்தான், அதாவது மையை இறுக வைப்பதில்தான், போய் முடியும். அடித்ததைக் கொடியில் போட்டுக் காயவைத்து மடித்துக் கொடுத்துவிட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிக்மென்ட் மையும் சூடு காட்டினாலோ, காற்றிலேயே இறுகும்படி ஃபிக்ஸர் கலந்தாலோதான் துணியைப் பிடிக்கும். அதனால் டெலிவரி எடுக்கும்போது வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிரிண்ட் மேல் அழுத்தித் தேயுங்கள். நிறம் நன்றாக ஒட்டினால் வேலை அரைகுறை. பிளாஸ்டிசால் என்றால் பிரிண்ட்டை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். வறண்ட ஏரி மாதிரி வெடித்தால் சூடு போதவில்லை. இரண்டுக்கும் திருப்பிச் சூடு காட்டித் தரச் சொல்லலாம், துவைப்பதற்கு முன்பு கண்டுபிடித்தால் சரிசெய்துவிடக் கூடிய குறைதான்.

போட்டோவை ஸ்கிரீனில் அடிக்க முடியாதா என்று கேட்பார்கள். புள்ளி புள்ளியாகப் பிரித்து அடிக்கலாம். ஆனால் அதற்கு நுணுக்கமான வலையும், நிறம் விலகாமல் வைக்கத் தெரிந்த கையும் வேண்டும். 50 பீஸுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. காளையின் படத்தை ஒரே நிறக் கோட்டோவியமாக மாற்றி, மஞ்சள் துணியில் கறுப்பு மையில் அடித்தால் போட்டோவைவிடக் கம்பீரமாக இருக்கும் என்பது என் கருத்து. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காளை தெரியும். போட்டோவில் தெரிவது ஒரு பழுப்புத் திட்டு.

டிடிஎஃப்

சில வருடங்களாக எல்லாரும் இதற்குத் தாவியிருக்கிறார்கள், காரணமும் நியாயமானது. டிசைனை பிளாஸ்டிக் ஃபிலிமில் நான்கு நிற மையாலும் அதற்கு மேல் வெள்ளை மையாலும் அடித்து, ஈரமாக இருக்கும்போதே ஒட்டும் பவுடரைத் தூவி உருக்கிவிடுவார்கள். அப்புறம் டி-ஷர்ட் மேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் 150, 160 டிகிரியில் 10 முதல் 15 விநாடி அழுத்தி ஃபிலிமை உரித்தால் முடிந்தது. ஸ்கிரீன் செலவு இல்லை. ஒரு பீஸ் வேண்டுமானாலும் அடிக்கலாம். எத்தனை நிறமானாலும் அதே விலை. காளையின் போட்டோ, அண்ணன் பிறந்தநாள் படம், ஆளுக்கொரு பெயர் எல்லாம் சுலபம். கறுப்புத் துணி, வெள்ளைத் துணி, காட்டன், பாலியஸ்டர் என்ற பேதமும் இல்லை.

என்ன குறை? டிசைன் முழுவதும் ஒரு ஒட்டின படலம். மார்பில் சின்ன லோகோ என்றால் தெரியவே தெரியாது. முதுகு முழுக்க ஒரு சதுர போட்டோவை ஒட்டிக்கொண்டு ஏப்ரல் வெயிலில் தருமபுரி பேருந்து நிலையத்தில் நின்றால்தான் தெரியும். அதன் வழியாகக் காற்று போகாது, வேர்வை உள்ளேயே நிற்கும். டிடிஎஃப் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிடிஎஃப்புக்கு ஏற்றபடி டிசைன் செய்ய வேண்டும் என்கிறேன்.

போட்டோவைச் சதுரமாக வைக்காமல் பின்னணியை வெட்டி எடுத்துவிட்டுக் காளையை மட்டும் வையுங்கள். கறுப்பு டி-ஷர்ட் என்றால் டிசைனில் உள்ள கறுப்பு எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் துணியின் கறுப்பே தெரியும். படலம் துண்டு துண்டாகப் பிரிந்துவிடுவதால் துணி வளையும், காற்று போகும், கைக்கும் உறுத்தாது. ஒரு நல்ல டிசைனருக்குச் சில நிமிட வேலை. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, மெல்லிய கோடுகள். ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத கோட்டில் ஒட்டும் பவுடர் போதுமான அளவு நிற்காது. முதலில் உரிவது அங்கேதான்.

துவைக்கிற கல்லும் போர் தண்ணீரும்

“உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த நீரில், மெஷினில் மென்மையான சுற்றில் துவைக்கவும்” என்று லேபிளில் எழுதியிருக்கும். சரி. ஆனால் பென்னாகரத்திலோ, அரூரிலோ, தேன்கனிக்கோட்டையிலோ ஒரு வீட்டில் நடப்பது என்ன? துணியை வாளியில் ஊறவைத்து, கல்லில் போட்டு, பார் சோப்பைத் தேய்த்து, பிரஷ் போட்டு, இரண்டு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து, உச்சி வெயிலில் கொடியில் போடுவார்கள். அம்மா அழுக்கைப் பார்ப்பாரே தவிர பிரிண்ட்டைப் பார்க்க மாட்டார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் குடிக்கவும் சமைக்கவும் வருகிறது; துணி துவைப்பது பல வீடுகளில் இன்னமும் போர் தண்ணீரில்தான். அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. நுரைக்காததால் இன்னும் தேய்ப்பார்கள்.

முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பிரஷ்ஷைக் கணக்கில் எடுக்காவிட்டால் மற்ற ஒப்பீடுகளால் பயனில்லை. பிரஷ்ஷுக்கு அசையாதது சப்ளிமேஷன். மை நூலுக்குள்ளேயே போய்விடுவதால் உரிய எதுவும் இல்லை. அடுத்தது சரியாகச் சூடு காட்டிய ஸ்கிரீன் பிரிண்ட். பிக்மென்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும், ஆனால் உரியாது. ஒரே சீராக மங்குவதால் பழசானாலும் போட்டுக்கொள்ளலாம். டிடிஎஃப்பில் பிரஷ் முதலில் ஓரத்தைப் பிடிக்கும். ஓரம் எழும்பிவிட்டால் குழந்தைகள் நகத்தால் உரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். முறுக்கிப் பிழிவது இன்னும் கெடுதல். நிறத் தாளை வெட்டி ஒட்டும் வினைல் ஸ்டிக்கரும் இதே வழிதான்.

ஆகவே அன்றாட யூனிஃபார்முக்கு, அதாவது வாரத்தில் பல நாள் துவைக்கும் துணிக்கு, மார்பில் சின்ன லோகோவைத் தவிர டிடிஎஃப் போடாதீர்கள் என்பது என் திடமான கருத்து. வருடத்துக்கு நாலைந்து தடவை போடும் விழாச் சட்டைக்குத் தாராளமாகப் போடலாம். எந்த பிரிண்ட்டாக இருந்தாலும் அதன் மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைக்கக் கூடாது. பிளாஸ்டிசாலும் டிடிஎஃப்பும் சூட்டில் இளகி பெட்டியோடு வந்துவிடும். டி-ஷர்ட்டோடு ஒரு துண்டுச் சீட்டில் “பிரஷ் போடாதீங்க, திருப்பித் துவைங்க, பிரிண்ட் மேல இஸ்திரி வேண்டாம்” என்று தமிழில் அடித்து வைத்துக் கொடுங்கள். ஆங்கில லேபிளை யாரும் படிப்பதில்லை.

விளையாட்டு ஜெர்சி

கபடி, வாலிபால், கிரிக்கெட் அணிகளுக்கு நான் யோசிக்காமல் சொல்வது சப்ளிமேஷன். டிசைனைக் காகிதத்தில் அடித்து, வெள்ளை பாலியஸ்டர் துணி மேல் வைத்து 200 டிகிரிக்குப் பக்கத்தில் முக்கால் நிமிடம் ஒரு நிமிடம் அழுத்தினால், மை ஆவியாகி நூலுக்குள் புகுந்துவிடும். தொட்டால் எதுவுமே தெரியாது. ஒவ்வொருவருக்கும் வேறு பெயர், வேறு நம்பர் என்றாலும் கூடுதல் செலவு இல்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் அச்சாகிறது.

இதில் வெள்ளை மை கிடையாது என்பதை மனதில் வையுங்கள். கறுப்பு ஜெர்சி வாங்கி அதன் மேல் சப்ளிமேஷன் அடிக்க முடியாது. கறுப்பு ஜெர்சி வேண்டுமென்றால் வெள்ளைத் துணியில் கறுப்பையும் சேர்த்தே அடித்து, முன்பக்கம், முதுகு, கை என்று வெட்டித் தைக்க வேண்டும். முழு ஜெர்சியும் அப்படித்தான் செய்வார்கள். தைத்து முடித்த சட்டை மேல் அழுத்தினால் அக்குளிலும் தையல் மடிப்பிலும் வெள்ளைக் கோடு விழும். கலப்புத் துணியில் அடித்தால் பாலியஸ்டர் பங்கு மட்டும் நிறம் பிடித்து, மீதி வெளுத்துத் தெரியும். வெட்டித் தைக்கும் வேலை என்பதால் நாளும் கூடுதல். டோர்னமென்ட் ஞாயிற்றுக்கிழமை என்று வியாழக்கிழமை வந்து நின்றால் யாராலும் முடியாது. சைஸ் பட்டியலும் பெயர்ப் பட்டியலும் முடிவானதும் உடனே கொடுத்துவிடுங்கள். அடித்த பிறகு பெயர் மாற்ற வழி இல்லை.

முன்னால் சொன்ன வில்லங்கம் இங்கேதான் வரும். நேரமில்லை என்று கடையில் தொங்கும் சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியை வாங்கி, வெள்ளை நம்பரை அதன் மேல் ஒட்டுவார்கள். அன்றைக்கு வெள்ளை. சில நாளில் ரோஸ். சிவப்புச் சாயமே சூட்டில் ஆவியாகி வெள்ளைக்குள் ஏறிவிடுகிறது. பாலியஸ்டருக்குப் போடும் சாயத்தின் குணமே அதுதான். சிவப்பு, மெரூன், அடர் பச்சையில் இது அதிகம். கேட்க வேண்டிய கேள்வி: “சாயம் ஏறவிடாத, பாலியஸ்டருக்கான லோ-பிளீட் மையா? சாயத்தைத் தடுக்கும் ஃபிலிம் இருக்கா? சூட்டைக் குறைச்சு ஒட்டுவீங்களா?” மூன்றில் ஒன்றுக்காவது ஆமாம் என்று பதில் வர வேண்டும். இல்லாவிட்டால் நம்பரைக் கறுப்பில் போடுங்கள், சாயம் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது.

நாலைந்து ஜெர்சிக்கு நம்பர் மட்டும் போட வேண்டுமென்றால் வினைல் இருக்கிறது. நிறத் தாளை மெஷின் வெட்டும், தேவையற்றதைக் கையால் உரித்துவிட்டு மீதியைச் சூட்டில் ஒட்டுவார்கள். நம்பருக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் நன்றாக வரும்.

தமிழ் எழுத்து

இதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் டிசைன்களில் முக்கால்வாசி தமிழ் எழுத்துதான். வினைலில் தமிழ் வெட்டினால் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு. ‘கிருஷ்ணகிரி’யில் ஷ், ண என்று சுழிகளும் புள்ளியும் நெருங்கி வரும்போது உரிக்கும் கை தடுமாறும், இரண்டு துவைப்பில் புள்ளி மட்டும் காணாமல் போய் ‘ஷ்’ ‘ஷ’ ஆகிவிடும். புள்ளியுள்ள பெயர்களுக்கு வினைல் போடாதீர்கள்.

ஸ்கிரீனில் எதிர்ப் பிரச்சினை. கெட்டி மை பரவி ண, ஞ, ழு ஆகியவற்றின் சுழிகளை அடைத்துவிடும். நிறப் பட்டைக்குள் துணி தெரியும்படி எழுத்து விடும் டிசைனில் இது இன்னும் மோசம். எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மெல்லிய, சுழி அகன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். முரட்டு எழுத்துரு ஊர்ப் பெயருக்கு மட்டும்.

ஃபைலைக் கொடுக்கும்போது எழுத்தை எழுத்தாகக் கொடுக்காமல், டிசைனரிடம் சொல்லி வடிவமாக மாற்றிக் கொடுங்கள். கோரல்டிராவில் அதற்கு வசதி உண்டு. இல்லாவிட்டால் அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் எழுத்துரு இல்லாமல் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 11 அங்குல அகலத்தில் போட்டோ தெளிவாக வர வேண்டுமென்றால் அகலத்தில் 3300 பிக்சல் இருப்பது நல்லது. அதில் பாதி இருந்தாலும் சமாளிக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

விலைக் கணக்கு

கடைக்குக் கடை விலை மாறும். கணக்குப் போடும் விதத்தை மட்டும் சொல்கிறேன், உங்களுக்குச் சொன்ன விலையை வைத்துப் போட்டுப் பாருங்கள். ஸ்கிரீன் ஒன்று தயார் செய்ய 400 ரூபாய், ஒரு நிறம் ஒரு முறை அடிக்க 8 ரூபாய், அதே அளவு டிடிஎஃப் ஒட்டித் தர 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டி-ஷர்ட் விலை எப்படியும் ஒன்றுதான், அதை விட்டுவிடலாம்.

ஒரு நிறம் என்றால் 7 பீஸிலேயே ஸ்கிரீன் மலிவாகிவிடும். மூன்று நிறத்துக்கு ஸ்கிரீன் செலவு 1200, அடிப்பதற்கு பீஸுக்கு 24. இது 27 பீஸில் டிடிஎஃப்பை முந்தும். 50 பீஸுக்கு ஸ்கிரீன் 2400, டிடிஎஃப் 3500. ஆனால் ஆறு நிறம் என்று வந்தால் அதே 50 பீஸுக்கு ஸ்கிரீன் 4800 ஆகிவிடும், டிடிஎஃப் அதே 3500-இல் நிற்கும். அங்கே ஸ்கிரீன் முந்த 110 பீஸ் வேண்டும். நிறத்தைக் குறைப்பதுதான் காசைக் குறைக்கும் நேரான வழி. துணியின் நிறத்தையும் ஒரு நிறமாகப் பயன்படுத்தினால் இரண்டு மையில் மூன்று நிற டிசைன் கிடைக்கும். சில ஸ்கிரீன் யூனிட்டுகள் 25, 30-க்குக் குறைந்தால் எடுக்கவே மாட்டார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிடிஎஃப்பை மீட்டர் கணக்கில் வாங்கினால் அளவு முக்கியம். ரோல் பொதுவாக 60 செ.மீ. அகலம்; ஓரம் போகச் சுமார் 58 கிடைக்கும். டிசைன் 28 செ.மீ. அகலம், 19 செ.மீ. உயரம் என்றால் பக்கத்துக்கு இரண்டாக ஒரு மீட்டரில் 10 அடங்கும். “கொஞ்சம் பெருசா போடுங்கண்ணா” என்று அதையே 32 செ.மீ. ஆக்கினால், திருப்பித் திருப்பி அடுக்கினாலும் 6 அல்லது 7தான். பார்வைக்கு வித்தியாசமே தெரியாத 4 செ.மீ.க்காக மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் மார்பு லோகோ, கைக்கான பெயர் என்று நிரப்பிக்கொள்ளுங்கள். அது காசு கொடுத்து வாங்கிய ஃபிலிம்.

மீதி இரண்டு

டிடிஜி என்பது டி-ஷர்ட்டையே பிரிண்டருக்குள் வைத்து நேரடியாக மை தெளிக்கும் முறை. வெளிர் காட்டனில் போட்டோ மிக மென்மையாக வரும். அடர் நிறத்துக்கு முன்னதாக மருந்து தெளித்து வெள்ளை மையும் அடிக்க வேண்டும், நேரமும் செலவும் கூடும். பெங்களூரு, திருப்பூர் பக்கம் கொடுத்து வாங்கலாம்; ஒன்றிரண்டு பீஸ் பரிசுக்கு நல்லது, கூட்டத்துக்குத் தேவையில்லை.

எம்பிராய்டரி, காலர் வைத்த போலோவுக்கு. ஓசூரில் சூப்பர்வைசர், சேல்ஸ் ஆட்களுக்கு மார்பில் சின்ன லோகோ என்றால் நான் இதைத்தான் சொல்வேன். விலை கூடுதல், ஆனால் துணி கிழியும் வரைக்கும் நிற்கும், கல்லுக்கும் பிரஷ்ஷுக்கும் பயமில்லை. மெல்லிய டி-ஷர்ட்டில் போட்டால் துணி சுருங்கி இழுக்கும், அதில் வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும் முன்

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாதிரிப் பீஸ் கேளுங்கள். ஆர்டருக்கு வாங்கும் அதே துணியில், அதே நிறத்தில் இருக்க வேண்டும். வேறு டி-ஷர்ட்டில் அடித்துக் காட்டுவது மாதிரிப் பீஸ் ஆகாது. ஒட்டின பிரிண்ட் என்றால் ஒரு நாள் விட்டு, வீட்டில் எப்போதும் துவைப்பது போலவே இரண்டு மூன்று முறை துவைத்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். ஸ்கிரீனில் ஒரு மாதிரிக்கு ஸ்கிரீன் செலவு முழுதும் ஆகிவிடும் என்பதால் கடைக்காரர் தயங்குவார். அந்த ஸ்கிரீன் காசை முன்பணமாகக் கொடுத்து அடிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். டிசம்பர் கடைசியில் எல்லா டேபிளும் நிரம்பிவிடும், பொங்கல் ஆர்டரின் மாதிரியை டிசம்பர் முதல் வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

கூட்டத்துக்கு அடித்தால் எப்படியும் பின்னாடி இரண்டு பேர் “எனக்கும் ஒண்ணு” என்று வருவார்கள். ஸ்கிரீனில் அடித்திருந்தால் அந்த இரண்டுக்கு மறுபடி முதலிலிருந்து செலவாகும், ஏனென்றால் பல யூனிட்டுகளில் வேலை முடிந்ததும் ஸ்கிரீனைக் கழுவிவிடுவார்கள். எடுத்து வைக்க முடியுமா என்று முன்பே கேளுங்கள், அல்லது எம், எல், எக்ஸ்எல் சைஸில் ஒவ்வொன்று கூடுதலாக அடித்துவிடுங்கள். டிடிஎஃப் என்றால் நாலைந்து ஃபிலிமைக் கூடுதலாக அடித்து வாங்கி, ஈரமும் வெயிலும் படாமல் பைக்குள் தட்டையாக வைத்திருங்கள். புது ஆள் சேரும்போது ஒரு டி-ஷர்ட்டும் அந்த ஃபிலிமும் எடுத்துக்கொண்டு ஹீட் பிரஸ் இருக்கும் கடைக்குப் போனால் உடனே ஒட்டித் தந்துவிடுவார்கள்.